கிழக்குக் கரை வரலாறு – 17: அங்கியைக் கழற்றச் சொன்ன ஆண்டு

சென்ற வாரம் பாசிர் ரிஸ் கடலோரத்துக் கம்பங்கள் (கிராமங்கள்) காலியான கதையோடு நிறுத்தியிருந்தோம். கம்பத்து வீடுகள் இருந்த இடத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகள் எழுந்ததைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும். அந்த அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருந்த 1987ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வேறொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் இந்த நகரின் கதை முழுமை பெறாது. கல் சுமந்தவர்களுக்காகவும் வீடு துடைத்தவர்களுக்காகவும் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய சிலர் அந்த ஆண்டில்தான் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

அப்போது பாசிர் ரிஸ் பாதி நகரம், பாதி கட்டுமானத் தளம். எம்ஆர்டி நிலையம் திறக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. 1989 டிசம்பர் 16ஆம் தேதிதான் ரயில் வந்தது. வீடுகளைக் கட்டியது வீவக. வீவக இயங்கியது தேசிய வளர்ச்சி அமைச்சின் கீழ். 1987இன் தொடக்கத்தில் அந்த அமைச்சுக்குப் பொறுப்பேற்றவர் சுப்பையா தனபாலன். தமிழர், கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்றவர். அவர் பெயர் இந்த அத்தியாயத்தில் மறுபடியும் வரும்.

இரண்டு சம்பளமும் மூன்றாவது ஆளும்

புதிய நகரங்களைக் கட்டிய கைகளில் பெரும்பகுதி வெளியூர்க் கைகள். மலேசியர்கள் வந்தார்கள், தாய்லாந்துக்காரர்கள் வந்தார்கள், பிறகு பங்ளாதேஷிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தார்கள். வீடு கிடைத்த குடும்பங்களில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போக வேண்டும் என்று அரசாங்கம் விரும்பியது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார்? 1978இல் பிலிப்பீன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து பணிப்பெண்களை வரவழைக்கும் திட்டம் தொடங்கியது. இரண்டு சம்பளம் வாங்கும் வீட்டுக்குள் மூன்றாவதாக ஓர் உழைப்பாளி வந்து சேர்ந்தார்.

அவர் வந்தார், சட்டம் அவரோடு வரவில்லை. 1968ஆம் ஆண்டின் வேலை நியமனச் சட்டம் வீட்டு வேலைக்காரர்களைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. எத்தனை மணி நேரம் வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா, இரவில் எங்கே படுப்பது என எல்லாம் வீட்டு எஜமானியின் மனத்தைப் பொறுத்தது. நல்ல வீடு வாய்த்தவர் பிழைத்தார். வாய்க்காதவர் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். வெளியேறியவர் எங்கே போவார்? தூதரகத்துக்குப் போவார், அல்லது கோவில் கதவைத் தட்டுவார். பிலிப்பீன்ஸ் பெண்களுக்குக் கோவில் என்றால் கத்தோலிக்க ஆலயம்.

தருமமும் கேள்வியும்

ஏழைக்கு உதவுவது சிங்கப்பூர்த் திருச்சபைக்குப் புதிதல்ல. பாரிஸ் மறைபரப்புச் சங்கத்தைச் சேர்ந்த அருள்தந்தை போரெல் 1852இல் செயின்ட் ஜோசஃப்ஸ் பள்ளியைத் தொடங்கினார். மெதடிஸ்ட் ஊழியர் சோஃபியா பிளாக்மோர் 1887இல் ஷார்ட் ஸ்திரீட்டில் பள்ளி தொடங்கியபோது முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் ஒன்பது தமிழ்ப் பெண்குழந்தைகள். மறு ஆண்டு ஓஃபிர் ரோட்டில், இன்றைய லிட்டில் இந்தியாவுக்கு நடந்து போகும் தொலைவில், தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக லூர்து அன்னை ஆலயம் திறக்கப்பட்டது. பள்ளி, மருத்துவமனை, அநாதை இல்லம் ஆகியவற்றைக் காலனி அரசும் வரவேற்றது, சுதந்திர அரசும் வரவேற்றது. சோறு போடுகிறவரை யார் தடுப்பார்கள்?

உலகத் திருச்சபைக்குள் கேள்வி வேறாக மாறிக்கொண்டிருந்தது. 1891இல் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதினார். நியாயமான கூலி தருமம் ஆகாது, அது உரிமை என்ற கருத்து அதில் தெளிவாக இருந்தது. 1925இல் பெல்ஜியத்தில் ஜோசஃப் கார்டைன் என்ற குரு இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கி, பார்ப்பது, எடைபோடுவது, செயல்படுவது என்ற மூன்று படிகளை ஆலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்தபோது சன்னல்கள் நன்றாகவே திறந்திருந்தன. 1971இல் பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியெரெஸ் விடுதலை இறையியல் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஏழ்மை விதியால் வருவதில்லை, மனிதர்கள் கட்டிய ஏற்பாடுகளால் வருகிறது, அந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்பதும் விசுவாசத்தின் பகுதியே என்பது அவர் வாதம்.

இதற்கெல்லாம் வேர் வேதாகமத்திலேயே இருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கிவருகிற கடவுளை யாத்திராகமத்தில் படித்தார்கள். எளியவனை விற்றுவிட்டுப் பண்டிகை கொண்டாடுகிறவர்களை ஆமோஸ் வசைபாடுவதைப் படித்தார்கள். வயலில் அறுத்தவனின் கூலியைப் பிடித்துவைத்த பணக்காரனை யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறதே, அதைப் படித்தார்கள். முகவர் கடனுக்காக மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலை செய்த பெண் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்த அதிகாரத்தைப் பழங்கதையாகப் படிக்க முடியாது.

இந்தச் சிந்தனையில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட் போதகர் டி. டி. நைல்ஸ், ஆசியத் திருச்சபைகளை ஒன்று சேர்த்த கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் முதல் பொதுச்செயலாளர். 1959இல் கோலாலம்பூரில் முறையாகத் தொடங்கிய அந்த அமைப்பு, 1973இல் சிங்கப்பூரில் கூடியபோது ஆசியக் கிறிஸ்தவ மாநாடு என்று பெயர் மாற்றிக்கொண்டது. பின்னர் அதன் தலைமையகமும் சிங்கப்பூரில் அமைந்தது. இலங்கை மலையகத்தில் பால் கஸ்பர்ஸ் என்ற இயேசு சபைக் குரு 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தமிழர்களின் கூலிக்காகவும் குடியுரிமைக்காகவும் வாழ்நாள் முழுக்கப் பேசினார்.

கேலாங்கில் ஒரு வீடு

சிங்கப்பூரில் இந்தக் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பாரிஸ் மறைபரப்புச் சங்கத்துக் குரு கியோம் அரோத்சரேனா. 1980களின் தொடக்கத்தில் அவர் கேலாங்கில் வெளிநாட்டு ஊழியருக்கான கத்தோலிக்க நிலையத்தை அமைத்தார். சிவப்பு விளக்குகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பேர்போன வட்டாரம் அது. வேலை வீட்டை விட்டு ஓடிவந்த பணிப்பெண்களும், சம்பளம் கிடைக்காத ஊழியர்களும், சிறையிலிருந்து வெளிவந்து போக்கிடம் இல்லாதவர்களும் அங்கே வந்தார்கள். படுக்க இடம் கிடைத்தது. முதலாளியோடு பேச ஒருவர் கிடைத்தார். சட்டம் தெரிந்தவர்கள் மனு எழுதிக் கொடுத்தார்கள்.

குருமடத்தில் படித்துவிட்டுப் பொதுநிலையினராக வெளியே வந்த வின்சென்ட் செங் இந்த நிலையத்தில் பணியாற்றியவர். பிறகு பேராயத்தின் நீதி அமைதி ஆணைக்குழுவின் செயலாளரானார். அவரைச் சுற்றி இளைஞர்கள் இருந்தார்கள்: தொண்டூழியர்கள், வழக்கறிஞர்கள், இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தினர். முதலில் காயத்துக்குக் கட்டுப் போட்டவர்கள், ஒரே மாதிரியான காயத்தோடு ஆள்மேல் ஆள் வரும்போது, வெட்டுகிற கத்தி எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

நாட்டின் சூழலையும் பார்க்க வேண்டும். 1985இல் பொருளியல் மந்தம். 1986 பிப்ரவரியில் மணிலாவில் ஆயர்களும் கன்னியர்களும் மக்களோடு தெருவில் நின்றார்கள். அதிபர் மார்க்கோஸ் நாட்டை விட்டு ஓடினார். அதே ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் சிங்கப்பூர் வந்து தேசிய விளையாட்டரங்கில் திருப்பலி நிறைவேற்றினார். அரசாங்கம் மரியாதையோடு வரவேற்றது. ஆனால் மணிலாவில் நடந்ததை அமைச்சர்கள் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது.

மே 21

1987 மே 21 அதிகாலையில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையினர் வீடு வீடாகச் சென்று 16 பேரைக் கைது செய்தார்கள். ஸ்பெக்ட்ரம் என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். ஜூன் 20இல் மேலும் 6 பேர். மொத்தம் 22. எல்லாருமே கத்தோலிக்கர்கள் அல்லர். வழக்கறிஞர்கள், நாடகக் குழுவினர், மாணவர் தலைவர்கள், எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்குத் தேர்தலில் உதவியவர்கள் ஆகியோரும் இருந்தார்கள். ஆனால் கேலாங் நிலையம், நீதி அமைதி ஆணைக்குழு, இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் ஆகிய மூன்றின் பெயர்களும் முன்னால் நின்றன.

உள்துறை அமைச்சின் குற்றச்சாட்டு இது: லண்டனில் இருந்த முன்னாள் மாணவர் தலைவர் டான் வா பியோவின் திட்டப்படி, சிங்கப்பூரில் வின்சென்ட் செங் முதன்மையாக இயங்க, தேவாலய அமைப்புகளைப் போர்வையாகக் கொண்டு ஆட்சியமைப்பைக் கவிழ்த்து மார்க்சிய அரசை நிறுவும் சதி நடந்தது. கைதானவர்களின் வாக்குமூலங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் விசாரணையின்றித் தடுத்து வைக்க இடம் தருவதால், குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் சோதிக்கப்படவில்லை.

மே 27 மாலை கிழக்குக் கரையில், சிக்லாப் பக்கத்துச் சகாய மாதா ஆலயத்தில், கைதானவர்களுக்காகச் சிறப்புத் திருப்பலி நடந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். பேராயர் கிரகரி யோங்கும் முதலில் தம் ஊழியர்களுக்கு ஆதரவாகவே பேசினார். நீதி பற்றிய போதனையைத் திருச்சபை விட்டுவிடாது என்றார்.

ஜூன் 2ஆம் தேதி பிரதமர் லீ குவான் யூ அவரையும் கத்தோலிக்கத் தலைவர்கள் சிலரையும் இஸ்தானாவுக்கு அழைத்தார். கூட்டம் முடிந்தபின் செய்தியாளர்கள் முன்னிலையில் பேராயர், வின்சென்ட் செங் பற்றிய அரசாங்கத்தின் ஆதாரத்தை ஏற்பதாகவும், இது திருச்சபைக்கு எதிரான நடவடிக்கை அன்று என்றும் சொன்னார். அரோத்சரேனா, பேட்ரிக் கோ, எட்கர் டிசூசா, ஜோசஃப் ஹோ ஆகிய நான்கு குருக்கள் தங்கள் பொறுப்புகளிலிருந்து விலகினார்கள். கேலாங் நிலையம் மூடப்பட்டது.

பேராயரைக் கோழை என்று எழுதியவர்கள் உண்டு. மந்தையைக் காத்தவர் என்று எழுதியவர்களும் உண்டு. சிறுபான்மைச் சமயம் ஒன்றின் தலைவர், வலுவான அரசொன்றின் முன் தனியே உட்கார்ந்திருந்த நேரம் அது. பள்ளிகள், மருத்துவமனை, வெளிநாட்டுக் குருக்களின் விசா என்று அவர் எண்ணிப்பார்க்க வேண்டியவை நிறைய. அவர் எடுத்த முடிவைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த முடிவின் விலையைக் கொடுத்தவர்கள் தடுப்பு அறைகளில் இருந்தவர்களும், ஓடிவருவதற்கு ஒரு கதவை இழந்த பணிப்பெண்களும்தான். இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அங்கி

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத் தேசிய நாள் பேரணி உரையில் லீ குவான் யூ எல்லாச் சமயத்தாருக்கும் ஓர் எல்லை போட்டார். பொருளியலிலோ அரசியலிலோ இறங்க நினைக்கும் குருமார், முதலில் சமய அங்கியைக் கழற்றிவிட்டு, குடிமகனாகவோ கட்சிக்காரராகவோ வரவேண்டும் என்பது அதன் சாரம். பல சமயங்கள் நெருங்கி வாழும் சிறிய நாட்டில் இந்த எச்சரிக்கைக்கு நியாயம் இருக்கிறது என்று அன்றும் இன்றும் பலர் நினைக்கிறார்கள். 1964 இனக் கலவரங்களைப் பார்த்த தலைமுறைக்கு அது வெறும் வாதமாகத் தோன்றவில்லை.

ஆனால் விசுவாசியின் பக்கத்தில் ஒரு பதில் கேள்வி இருந்தது. கூலி கிடைக்காத பெண்ணுக்குச் சோறு போடுவது சமயம். அவள் கூலி ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பது அரசியல். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது யார்? ஆமோஸ் அங்கியைக் கழற்றிவிட்டுப் பேசியிருந்தால் அவரிடம் சொல்வதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

கோடு மேலும் அழுத்தமாக விழுந்தது. 1987 டிசம்பர் இறுதியில் ஆசியக் கிறிஸ்தவ மாநாட்டின் சிங்கப்பூர் அலுவலகம் மூடப்பட்டு, அதன் வெளிநாட்டு ஊழியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அரசியலில் ஈடுபடுவதில்லை என்ற உறுதிமொழியை அது மீறிவிட்டது என்பது அரசாங்கத்தின் காரணம். ஒரு யாழ்ப்பாணத் தமிழர் வளர்த்த அமைப்பு சிங்கப்பூரிலிருந்து இப்படித்தான் விடைபெற்றது.

ஆண்டு முடிவதற்குள் கைதானவர்களில் வின்சென்ட் செங் தவிர மற்றவர்கள் விடுதலையானார்கள். 1988 ஏப்ரல் 18இல் அவர்களில் ஒன்பது பேர் கூட்டறிக்கை வெளியிட்டு, சதிக் குற்றச்சாட்டை மறுத்தார்கள். தடுப்புக் காவலில் தாங்கள் கொடுமைப்படுத்தப்பட்டதாகவும் கூறினார்கள். அரசாங்கம் அதை மறுத்தது. மறுநாளே அவர்களில் எட்டு பேர் மீண்டும் கைதானார்கள். ஒன்பதாமவர் வெளிநாட்டில் இருந்தார். வின்சென்ட் செங்கும், மீண்டும் கைதானவர்களில் ஒருவரான வழக்கறிஞர் தியோ சோ லுங்கும் 1990 ஜூனில்தான் வெளியே வந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 1992 மார்ச் 31இல் நடப்புக்கு வந்தது. சமயத் தலைவர் அரசியல் பேசினால் தடை ஆணை பிறப்பிக்க அது வகை செய்கிறது. 2019இல் சட்டம் திருத்தப்பட்டபோதுகூட அத்தகைய ஆணை ஒன்றும் பிறப்பிக்கப்பட்டிருக்கவில்லை. ஆணை தேவைப்படவில்லை, 1987இன் நினைவே போதுமாக இருந்தது.

உள்ளேயிருந்த தயக்கம்

அரசாங்கம் இன்றுவரை தன் நடவடிக்கை சரியானதே என்கிறது. ஆனாலும் அரசாங்கத்துக்குள்ளேயே எல்லாரும் ஒரே மனத்தோடு இருக்கவில்லை. பாசிர் ரிஸ் கட்டப்பட்டபோது அமைச்சராக இருந்த தனபாலன் 1992இல் அமைச்சரவையிலிருந்து விலகினார். மார்க்சியக் குழு என்று சொல்லப்பட்டவர்களைக் கையாண்ட விதம் அவருக்கு ஒப்பவில்லை என்பதும் அவர் விலகியதற்குக் காரணம் என, 2009இல் வெளிவந்த ஆளுங்கட்சி வரலாற்று நூலில் முன்னாள் பிரதமர் கோ சோக் டோங் வெளிப்படுத்தினார். 2001இல் தர்மன் சண்முகரத்னமும், தமக்குத் தெரிந்தவரை கைதானவர்களில் பெரும்பாலோர் சமூக ஆர்வலர்களே, அமைப்பைக் கவிழ்க்க நினைத்தவர்கள் அல்லர் என்ற கருத்தைத் தெரிவித்தார். இன்று அவர் நாட்டின் அதிபர். இரண்டு தமிழர்கள் இந்தத் தயக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

கேள்வி வேறு வழியில் திரும்பியது

1987க்குப் பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகள் பெரிய அமைதி. 1998இல் கத்தோலிக்கப் பேராயம் புலம்பெயர்ந்தோருக்கான ஆணைக்குழுவை அமைத்தது. 2001இல் பத்தொன்பது வயது இந்தோனீசியப் பணிப்பெண் ஒருவர் பட்டினி போடப்பட்டு, அடிபட்டு இறந்தபோது நாடே அதிர்ந்தது. பிரேமா மதி முதலியோர் திரண்டு தொடங்கிய முயற்சியே இன்றைய டிடபிள்யூசி2 அமைப்பு. கத்தோலிக்கரான பிரிட்ஜெட் லியூ 2004இல் ஹோம் அமைப்பை நிறுவி, ஓடிவந்தவர்களுக்குப் புகலிடம் கொடுத்தார். 2006இல் கிறிஸ்தவ மருத்துவர் கோ வெய் லியோங் உள்ளிட்டோர் ஹெல்த்செர்வ் அமைப்பைத் தொடங்கினார்கள். வெளிநாட்டு ஊழியருக்கு மருத்துவம் பார்த்த அதன் மருந்தகம் இருந்த இடம் கேலாங்தான். இவர்கள் மார்க்சைப் பற்றிப் பேசவில்லை, பலர் வேதாகமத்தையும் வெளியில் காட்டவில்லை. ஆனால் கேட்ட கேள்விகள் பழையவைதான்.

2008இல் பணிப்பெண்களுக்கு ஓய்வுநாள் கேட்டு இயக்கம் நடந்தது. 2013 ஜனவரி 1 முதல் வார ஓய்வுநாள் சட்டமானது. ஆனால் பணிப்பெண் சம்மதித்தால் அதற்குப் பதில் பணம் கொடுக்கலாம் என்ற வாசலும் இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் மாதத்தில் ஒரு நாளாவது பணத்தால் ஈடுசெய்ய முடியாத கட்டாய ஓய்வு. வேலை நியமனச் சட்டத்துக்குள் அவர்கள் இன்னும் வரவில்லை. வெளிநாட்டு ஊழியர் சட்டத்தின் கீழேயே இருக்கிறார்கள். பணிப்பெண் திட்டம் தொடங்கி முதல் ஓய்வுநாள் சட்டம் வரை 35 ஆண்டுகள்.

ஆண் ஊழியர்களின் கதை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வெளிப்பட்டது. 2013 டிசம்பர் 8ஆம் தேதி ஞாயிறு இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் 33 வயதுத் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததையடுத்துக் கலவரம் மூண்டது. 2020இல் விடுதிகளுக்குள் கொரோனா பரவியபோதுதான் அவர்கள் எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள் என்பது பல சிங்கப்பூரர்களுக்குத் தெரியவந்தது. 2024 செப்டம்பரில் பிரான்சிஸ் பாப்பரசர் இங்கு வந்தார். நாட்டின் தலைவர்கள் முன்னிலையிலேயே, வெளிநாட்டு ஊழியரின் கண்ணியத்தைக் காக்க வேண்டும், அவர்களுக்கு நியாயமான கூலி உறுதி செய்யப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் அங்கியோடுதான் பேசினார். எவரும் கழற்றச் சொல்லவில்லை.

இன்று பாசிர் ரிஸ் 72ஆம் தெருவில் இறை இரக்க ஆலயம் நிற்கிறது. இரக்கத்தின் பெயரால் அமைந்த பங்கு. ஞாயிறு திருப்பலிக்கு வரும் குடும்பங்களில் பலவற்றுக்குப் பணிப்பெண் இருப்பார்; நாடு முழுதும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

இந்த அத்தியாயத்தில் என் தீர்ப்பு சுருக்கமானது. 1987இல் கைதானவர்கள்மீது எந்த நீதிமன்றமும் குற்றத்தை நிரூபிக்கவில்லை. கேலாங் வீட்டுக்கு ஓடிவந்தவர்களின் குறைகளில் சிலவற்றை அரசாங்கமே பின்னாளில் சட்டத்தால் தீர்க்க வேண்டி வந்தது. அப்படியானால் அன்றைய குறைகள் உண்மையானவை. அவற்றைச் சொன்னவர்கள் நீதிமன்றத்தில் தங்கள் பதிலைச் சொல்லும் வாய்ப்பையாவது பெற்றிருக்க வேண்டும். சட்டம் தந்திருக்கும் அந்த ஒரு நாள் ஓய்வை உங்கள் வீட்டில் வேலை செய்பவர் உண்மையில் எடுக்கிறாரா என்பதை, இதைப் படிக்கும் நீங்கள் இந்த மாதமே பார்த்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)